ரித்வா அம்மாளுக்கு ஒரு கோப்பை காபி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரோபோவுக்குக் காபி போட நான் கற்றுக்கொடுக்கவில்லை. வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகிக்கொண்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

என் பெயர் பெக் ஹுவா. சொந்த ஊர் தென்சீனக் கடலோரத்துச் சுவாத்தாவ். பிழைப்பு ஷென்ஜெனில், ஹுவாசியாங்பெய் சந்தைக்கு மேலே எட்டாவது மாடியில். கீழே இறங்கினால் ரோபோ விரலைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். பக்கத்துக் கடையில் கண் கிடைக்கும். அதற்கடுத்த கடைக்காரனிடம் பேரம் பேச வாய் இருந்தால் முழங்கை ஒன்றைக் கொசுறாகவே வாங்கிவிடலாம். சந்தையில் கிடைக்காதது புத்தி ஒன்றுதான். அதை நாங்கள் மாடியில் செய்கிறோம்.

செய்கிறோம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி அறை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு. நானும் என்னோடு சில பெண்களும் கம்பி பதித்த கையுறையை மாட்டிக்கொண்டு, நெற்றியில் கேமராப் பட்டையைக் கட்டிக்கொண்டு, காலை முதல் சாயங்காலம் வரை வீட்டு வேலை செய்வோம். சட்டையை மடிப்போம், உதறுவோம், மறுபடி மடிப்போம். சுத்தமாக இருக்கும் மேசையையே திரும்பத் திரும்பத் துடைப்போம். எங்கள் கை போகிற போக்கை ரோபோ படித்துக்கொள்ளும். இதைக் கேட்ட என் மாமியார், "அந்தத் துடைக்கிற வேலைய நம்ம வீட்ல கொஞ்சம் செஞ்சா கை தேஞ்சா போயிடும்?" என்றார். பதில் சொல்ல நேரமில்லாமல் வேலைக்கு ஓடி வந்துவிட்டேன்.

எங்கள் ரோபோ மார்பளவு உயரம். கீழே சக்கரம், பக்கத்துக்கு ஒரு கை, உருண்டைத் தலை. விற்பனைக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் 'ஆ நோ' என்று கூப்பிடுவோம், எங்கள் பக்கத்தில் வீட்டுப் பொடிசைக் கூப்பிடுகிற பெயர். சட்டைக் கையை மடிக்கும்போது அது சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொள்ளும். அது என் பழக்கம். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

முதலாளி சுவா ஹாக் லியாங். எங்களுக்கு ஹாக் அண்ணன். பட்டறை தள்ளாடிக்கொண்டிருந்தது. தூசு உறிஞ்சும் கருவி செய்கிற கம்பெனி ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது ஆ நோவின் மோட்டாரும் சக்கரமும். தலையில் இருப்பதை வழித்து அழித்துவிட்டு, குழாயைக் கையில் கொடுத்துக் கட்டிலுக்கு அடியில் அனுப்பிவிடுவார்களாம். பயிற்சி அறைக்குப் பூட்டு. நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு. எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அந்தச் சுண்டுவிரல்? அதை அழிக்க ஒரு பட்டன் போதுமாமே!

எங்களைக் காப்பாற்ற ஒரே ஒருத்தர்தான் மிச்சம். ரித்வா ஹாபலா. பின்லாந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வடக்கே பல நாடுகளில் வீட்டுச் சாமான் கடைகள் நடத்தும் ஒரு கம்பெனிக்காகப் பொருள் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். அவரிடம் படம் போட்டுக் காட்டுகிற கதையெல்லாம் எடுபடாது என்று சந்தை முழுக்கப் பேச்சு. பட்டறைக்கு வருவார், உட்காருவார், "உங்க மெஷின் எனக்கு ஒரு காபி குடுக்கட்டும். குடிச்சேன்னா பேசுவோம்" என்பார். அவ்வளவுதான். எங்களிடம் வந்த அன்றே சாயங்கால ரயிலில் அவர் ஹாங்ஜோவில் இருக்கும் இன்னொரு பட்டறைக்குப் போக வேண்டும்.

ஒரு கோப்பை காபி. அதற்குள் எங்கள் எல்லாருடைய தலையெழுத்தும் இருந்தது.

ஹாக் அண்ணன் தடபுடல் செய்துவிட்டார். நல்ல காபித் தூள் ஒரு டப்பா, வடிகட்டும் கருவி, வெளிநாட்டுக்காரர்கள் பெரிய கோப்பையில்தான் குடிப்பார்கள் என்று வாளி மாதிரி ஒரு கோப்பை. கண்ணாடிச் சுவர் போட்ட முன்னறையில் அம்மாளை உட்காரவைத்தோம். துணைக்கு உள்ளே நான் மட்டும். மற்றவர்கள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மொழிக்குப் பிரச்சினை இல்லை, எல்லார் காதிலும் மொழிபெயர்க்கும் கருவி இருந்தது. பட்டறை ஆட்கள் எங்களுக்குள் தனியாகப் பேசிக்கொள்வதும் அதில்தான்.

"வணக்கம். காபி?" என்றார் ரித்வா அம்மாள். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

ஆ நோ ஜம்மென்று ஆரம்பித்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்தது. அந்த வாளிக் கோப்பையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து எங்கள் சின்னத் தேநீர்க் கோப்பைகள் மூன்றை எடுத்து, வெந்நீரில் உருட்டிக் கழுவியது. கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றியது தெரியுமா? விருந்தாளிக்கென்று வாங்கிய பெரிய கோப்பையில். அவ்வளவு பெரிதாக இருப்பது கழுநீருக்குத்தானே இருக்க முடியும் என்று அதன் கணக்கு. எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

காபி இறங்க நேரமாகும். ரித்வா அம்மாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவர்கள் ஊரில் அது சாதாரணமாம், பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹாக் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

"ஏய், அந்தம்மா பேசவே மாட்டேங்குது! யாராவது உள்ள போய்ச் சிரிச்சுப் பேசுங்கப்பா!" என்று என் காதில் அவர் குரல் கத்தியது. அடுத்த நொடி கதவைத் திறந்துகொண்டு எங்கள் சமையற்காரி குவே அக்கா ஒரு தட்டு கடலை மிட்டாயோடு உள்ளே வந்துவிட்டார்.

ஆ நோ குவே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இறங்கிய காபி மொத்தத்தையும் எடுத்துப் பெரிய கோப்பையில் கொட்டியது. பழைய தூளைத் தட்டிவிட்டுப் புதுத் தூள் போட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் பிள்ளை எவ்வளவு சமர்த்து என்று நினைத்தேன்!

"சாப்பிடுங்கம்மா, நானே கிண்டினது. பல்லு நல்லா இருக்குல்ல?" என்றார் குவே அக்கா. ரித்வா அம்மாள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தலையசைத்தார். பேசவில்லை. இரண்டாவது காபி முக்கால்வாசி இறங்கியபோது ஹாக் அண்ணனால் தாங்க முடியவில்லை, அவரே பாய்ந்து வந்தார்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்! இதோ ஆச்சு! நம்ம பையன் கொஞ்சம் பதமா பாத்துப் பாத்துப் போடறான்!"

ஆ நோ அவரைப் பார்த்தது. கொட்டியது. தூளைத் தட்டியது. ஆரம்பித்தது.

ரித்வா அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹாக் அண்ணன் முகம் சோயா பால் மாதிரி வெளுத்துப்போனது. நிலைமையைச் சரிக்கட்ட அவர் விற்பனை பார்க்கும் தியோ அண்ணனைக் கைகாட்டி அழைத்தார். தியோ அண்ணன் உள்ளே வந்து ஒரு நகைச்சுவை சொன்னார். அம்மாள் சிரிக்கவில்லை. ஆ நோ கொட்டியது. கணக்குப் பார்க்கும் பெண் பூங்கொத்தோடு வந்தாள். ஆ நோ கொட்டியது. பெரிய கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்து, தட்டிலிருந்து மேசைக்கு வழிந்தது. அறையில் காபி வாசனை ஆளைத் தூக்கியது. குடிக்க ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் என் காதில் பெங் தாவின் குரல் கேட்டது. பெங் எங்கள் எஞ்சினியர். பட்டறையில் அவன் ஒருவன்தான் ஹூனான்காரன், மற்ற எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். தேநீர் வேளையில் எங்களோடு உட்காரமாட்டான், மிளகாய் தூவிய எதையோ மென்றுகொண்டு கணினி முன்னால் இருப்பான்.

"அக்கா, கவனிச்சீங்களா? யாராவது புதுசா உள்ள வந்தா அது எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிக்குது. ஏன்க்கா?"

"ஏன்னா என்னடா கேள்வி? புதுசா ஆள் வந்தா தேயிலையை மாத்தாம, முன்னாடி வந்தவங்க குடிச்ச மிச்சத்தையா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஐயோ கடவுளே!

எங்கள் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது புது ஆள் வந்தால், அவர் கண்முன்னாலேயே பழைய இலையைக் கொட்டிப் புது இலை போட வேண்டும். வெளிறிப்போன தேநீரைக் கொடுத்தால், 'நீ வந்தது எனக்குப் பெரிசில்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி. நாங்கள் பயிற்சி அறையில் நாளெல்லாம் தேநீர் போடுகிறவர்கள். கையுறையைக் கழற்றி மாட்டச் சோம்பல், அதோடேயே போடுவோம். கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும். யோசித்துப் பார்த்தால் சட்டை மடித்ததைவிடத் தேநீர் போட்டதுதான் அதிகம். அந்த அறைக்கோ ஓயாமல் யாராவது வந்து போவார்கள். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.

"இதை நான் எத்தனை தடவ சொன்னேன்! 'ஆள் வந்தா மறுபடி போடுது, இது கோளாறு'ன்னு. நீங்க எல்லாரும் 'அதுல என்னடா கோளாறு?'ன்னு என்னையே கேட்டீங்க!" என்றான் பெங்.

"இப்ப சண்டைக்கு நேரமாடா மிளகாய்க்காரா? அதை நிறுத்து!"

"நிறுத்தலாம். ஆனா அங்க வந்து கேபிள் சொருகணும்."

"வாடா அப்ப!"

"நான் உள்ள வந்தா நானும் புது ஆள்தானேக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடைசியில் பெங் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆ நோவின் கண்ணில் படாமல் சோஃபாவுக்குப் பின்னால் தவழ்ந்து வருவதாகத் திட்டம். கதவைச் சத்தமில்லாமல் திறந்து, கேபிளைப் பல்லில் கவ்விக்கொண்டு, குப்புறப் படுத்து நகர்ந்தான். இந்த அழகான காட்சியை ரித்வா அம்மாள் கழுத்தைத் திருப்பி, ஒரு வார்த்தை பேசாமல், முழுசாகப் பார்த்தார். அவன் அவரைப் பார்த்துத் தரையில் படுத்தபடியே வணக்கம் வேறு வைத்தான்.

ஆ நோ பாதி ஊற்றிய கையை நிறுத்தியது. தலை மெல்லச் சுழன்றது. சோஃபாவின் பக்கமாக எட்டிப் பார்த்தது. பெங்கைக் கண்டதும் நன்றாகக் குனிந்து வணங்கியது. தரையில் விழுந்து கிடக்கிற விருந்தாளி என்றால் கூடுதல் மரியாதை போலிருக்கிறது. பிறகு கொட்டியது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்திவிட்டேன். முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, நீங்களும்தான்! கதவைப் பூட்டுங்க! இனிமே ஒரு ஈ உள்ள வரக்கூடாது!"

ஹாக் அண்ணன், குவே அக்கா, தியோ அண்ணன், பூங்கொத்து, கேபிள் எல்லாம் வெளியேறின. கதவு பூட்டப்பட்டது. டப்பாவைப் பார்த்தேன். இன்னும் ஒரு முறைக்குத்தான் தூள் இருந்தது. ஆ நோ அந்தக் கடைசித் தூளைச் சுரண்டிப் போட்டது. தண்ணீர் ஊற்றியது. காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது. முடிந்தது. மூன்று கோப்பைக்கும் சுற்றிச் சுற்றி ஊற்றியது. ஒரு கோப்பையை எடுத்து, சுண்டுவிரலைத் தூக்கி, ரித்வா அம்மாளை நோக்கி நீட்டியது. அவரும் கையை நீட்டினார்.

பின்பக்கக் கதவு திறந்தது. சாமான் லிஃப்டிலிருந்து நேராக அறைக்குள் வருகிற கதவு. அதை யாருமே நினைக்கவில்லை.

அம்மாளின் வாடகைக் காரை ஓட்டும் பெரியவர் நின்றிருந்தார். குவாங் என்று பெயர். தலை பஞ்சாக நரைத்தவர். "அம்மா, போன் அடிச்சேன், எடுக்கல. முன்கதவும் பூட்டியிருக்கு. ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

ஆ நோ கையைப் பின்னால் இழுத்தது. மூன்று கோப்பையையும் கொட்டியது.

டப்பாவைத் திறந்தது. காலி. கவிழ்த்துப் பார்த்தது. காலிதான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹாக் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன். சுண்டுவிரலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆ நோ அலமாரிக்குப் போனது. மேல்தட்டில் ஹாக் அண்ணன் யாருக்கும் காட்டாமல் ஒளித்துவைத்திருந்த பீனிக்ஸ் மலைத் தேயிலையை, எங்களுக்கே தெரியாததை, நேராகக் கையை விட்டு எடுத்தது. அண்ணன் தினமும் திருட்டுத்தனமாக எடுத்ததையும் அது பார்த்திருக்கிறது, பாவம். கிண்ணத்தில் இலை போட்டுக் கொதிநீர் விட்டு, இலையைக் கழுவிய அந்த முதல் நீரைக் கொட்டி, மறுபடி ஊற்றியது. அறை முழுக்க மலர் வாசனை.

"இது காபி இல்லை," என்றார் ரித்வா அம்மாள்.

"இல்லைங்கம்மா," என்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது கெட்டுப்போகல. நாங்க கத்துக்குடுத்ததைத்தான் செய்யுது. புதுசா ஒருத்தர் வந்தா, அவருக்குன்னு புதுசாப் போடணும். பழசைக் குடுத்தா மரியாதை இல்ல. எங்க ஊர்ல அப்படி. நாங்க பதட்டத்துல ஆளாளுக்கு உள்ள வந்தோம், அது ஒவ்வொருத்தருக்காகவும் புதுசாப் போட்டுச்சு."

அவர் யோசித்தார். "இப்ப போடறது யாருக்காக?"

"இவருக்காக."

"டிரைவருக்கா?"

"எனக்கா?" என்றார் குவாங் ஐயா, அவரைவிடத் திகைத்துப்போய்.

ஆ நோ முதல் கோப்பையை எடுத்தது. எங்கள் வழக்கத்தில் இருப்பவர்களில் மூத்தவருக்குத்தான் முதலில். ரித்வா அம்மாளைத் தாண்டி, என்னைத் தாண்டி, கதவோரம் ஒதுங்கி நின்றவரிடம் உருண்டுபோய், இரண்டு கையாலும் நீட்டியது.

"வேணாம், வேணாம். அம்மாவுக்குக் குடு. நான் சும்மா கூப்பிடத்தான் வந்தேன்" என்றார் அவர். ஆ நோ நகரவில்லை. சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. எங்கள் ஊரில் விருந்தாளி முதலில் மறுக்கத்தானே செய்வார்? அதுவும் அதற்குத் தெரியும். கடைசியில் பெரியவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டு கோப்பையை வாங்கினார். குடித்தார். பக்கத்து மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொன்னார்.

"எத்தனையோ பட்டறைக்கு ஆள் கொண்டுவந்து விட்டிருக்கேன்மா. எல்லாம் வாசலோட சரி. உள்ள வந்து உக்காருன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல," என்றார் என்னிடம். குரல் லேசாகத் தழுதழுத்தது.

ஆ நோ திரும்பி வந்து இரண்டாவது கோப்பையை ரித்வா அம்மாளிடம் நீட்டியது. அவர் அதை உடனே வாங்கவில்லை. குவாங் ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை ஆ நோவிடமே திருப்பி நீட்டினார். இன்னொன்று வேண்டும் என்று.

"நானும் மூணு நாளா இவர் வண்டியிலதான் வர்றேன்," என்றார். "நானும் இவரை உள்ள கூப்பிடல." அவர் முகம் சிவந்திருந்தது. "பேசுவோம். ஆனா ஒண்ணு. இந்தப் பழக்கத்தை நீங்க எடுத்துடக்கூடாது. யார் உள்ள வந்தாலும் அது புதுசாப் போடணும். தூள் நெறைய செலவாகும்தான், கூடுதலா டப்பா விக்கிறது எங்க கடையோட கவலை."

"ரயில்?" என்றார் குவாங் ஐயா.

"அடுத்த ரயில்ல போகலாம். உக்காருங்க."

இவ்வளவும் காதுக்கருவி வழியாக வெளியே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் பாருங்கள், பூட்டிய கதவைப் பெயர்க்காத குறையாகத் திறந்துகொண்டு மொத்தப் பட்டறையும் உள்ளே வந்து விழுந்தது. குவே அக்கா அழுகிறார், தியோ அண்ணன் பூங்கொத்தோடு ஆடுகிறார், பயிற்சி அறைப் பெண்கள் கையுறையோடு கும்மாளம் போடுகிறார்கள், ஹாக் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பொழைச்சோம் பெக் ஹுவா! பொழைச்சோம்!" என்று கத்துகிறார். பெங் இந்த முறை நிமிர்ந்து நடந்தே வந்தான்.

ஆ நோ அத்தனை பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தது. ரித்வா அம்மாளுக்காக ஊற்றிவைத்திருந்த இரண்டாவது கோப்பையைக் கொட்டியது. இலையைத் தட்டிவிட்டு, ஹாக் அண்ணனின் தேயிலை டப்பாவை மறுபடி கையில் எடுத்தது.

"ஐயோ, டேய், அது விலை என்னன்னு தெரியுமாடா!" என்று அலறினார் அண்ணன்.

ரித்வா அம்மாள் அன்று முதல்முறையாகச் சிரித்தார். சோஃபாவில் தன் பக்கத்தில் இடத்தை அண்ணனுக்குத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க," என்றார். "உங்களுக்காகத்தான் போடுது."